அறுபத்தொரு சந்தனப் பொட்டு

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வரிசையாக நிற்கிற கம்பெனிகளில் காரும் டயரும் கண்ணாடியும் செய்கிறார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். அதெல்லாம் உபரி. அந்த ரோட்டின் அசல் உற்பத்தி கோபம். அதில் பாதியை ஒரே ஆள் செய்துகொண்டிருந்தான். அந்த ஆள் என் வீட்டு மாடியில் குடியிருந்தது என் ஜாதக விசேஷம்.

அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவன் ‘என்ஜி’. கம்பெனி பாஷையில் தேறிய உருப்படிக்கு ஓகே, தேறாததுக்கு என்ஜி. கார் ஜன்னலை ஏற்றி இறக்குகிற சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதை அமுக்கி அமுக்கிப் பார்த்து, தேறாததில் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைப்பது அவன் வேலை. வைக்கட்டும். ஷிப்ட் முடிந்ததும் அந்த அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவன்தானே மனுஷன்? இவன் கட்டாகக் கொண்டுவந்தான்.

முதல் அட்டை எங்கள் கேட்டுக்கு விழுந்தது. ‘என்ஜி. உபயோகிக்காதீர்.’ சிலிண்டர் போட வந்தவன் அதைப் படித்துவிட்டு, ஏதோ கரண்ட் பாய்கிறது என்று நினைத்து, சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டான். எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது.

“இன்னாப்பா இது? வூட்டு கேட்டுக்கு எவனாவது அட்டை கட்டுவானா?”

“தாழ்ப்பா கிறீச்சுங்கு அண்ணாச்சி. கிறீச்சுங்குத கேட்டை மனுஷன் தொறப்பானா?” சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு இன்னும் கெட்டியாகும். கோபம் வராத நேரம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

அட்டைகூடப் பரவாயில்லை. அதைவிடக் கொடுமை அவன் கேட்கிற ‘ஏன்’. ஒரு பொருள் கெட்டால் அஞ்சு தரம் ஏன் என்று கேட்க வேண்டுமாம். அஞ்சாவது பதிலில்தான் அசல் காரணம் இருக்குமாம். கம்பெனியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் என் மனைவி மாடிக்கு சாம்பார் கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தோடு கீழே இறங்கி வந்துவிட்டான்.

“மதினி, உப்பு கூட. ஏன்?”

“ரெண்டு தரம் போட்டுட்டேன் தம்பி.”

“ஏன்?”

“ஞாபகமே இல்ல, கோவத்துல இருந்தேன்.”

“ஏன்?”

“காலைல இந்த மனுசனோட சண்டை.”

“ஏன்?”

“குக்கர் விசில் கேக்காத அளவுக்கு அந்தக் கீபோர்டைத் தட்டிக்கினு கீறாரு!”

“ஏன் தட்டுதாரு?” என்று அஞ்சாவதைக் கேட்டான். பதிலுக்குக்கூடக் காத்திராமல் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்படித்தான். தண்ணித் தொட்டி வழிந்தாலும், நாய் குரைத்தாலும், எங்கே ஆரம்பித்தாலும் அஞ்சாவது ஏனில் நான்தான் நிற்பேன். போன மாதம் அவனை வேறு மாநிலத்தில் இருக்கிற கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இனி கீபோர்டுக்கு வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் நான் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். எங்கள் மெல்லிசைக் குழுவில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் நான்தான் கீபோர்டு. என் கீபோர்டு ஜப்பானில் பிறந்தது. என் கல்யாணத்தைவிட வயதில் பெரியது. அதைவிட ஒழுங்காகவும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைய பொட்டிகளில் ஆயிரம் சத்தம் இருக்கும், ஒன்றும் உருப்படி இருக்காது. இதில் இருபதுதான். ஆனால் அந்தப் புல்லாங்குழல் சத்தத்தைக் கேட்டால் அழுகிற குழந்தை நிறுத்தும்.

நிறுத்தியது, அந்தக் காதுகுத்து வரைக்கும். மணிமங்கலம் பக்கம் ஒரு மண்டபம். தாய்மாமன் மடியில் குழந்தை. பத்தர் ஊசியோடு குனிகிறார். நான் தாலாட்டுப் பாட்டு ஒன்றைப் பூ மாதிரி தொட்டு வாசிக்கிறேன். நடுவில் ஒரு கட்டையில் விரல் பட்டதும், அது லாரி ஹாரன் மாதிரி ‘பாங்’ என்று கத்தியது. நான் மெதுவாகத்தான் தொட்டேன், சத்தியமாக. பத்தர் துள்ளினார். ஊசி தாய்மாமன் கட்டைவிரலில் இறங்கியது. குழந்தை சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் குழுத் தலைவரை மாஸ்டர் என்போம். எதில் மாஸ்டர் என்று யாருக்கும் தெரியாது. மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்:

“வர்ற ஞாயித்துக்கிழமை படப்பைல இதே குடும்பத்துக்கு இன்னொரு காதுகுத்து. தங்கச்சி புள்ளைக்கு. அதே மாமன். உன் பொட்டி ஒரு தபா கத்துச்சுன்னா, உன் சேர்ல பென்டிரைவ் உக்காரும். அது சோறு கேக்காது, மூஞ்சி காட்டாது, வாசின்னா வாசிக்கும்.”

இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த நாற்காலி. அதில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டா? எனக்கு வந்த கோபத்தில் மாஸ்டரைக் கடித்தேவிடுவேன் போலிருந்தது. ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. கோபம் வந்து கால் மணி நேரத்தில் அது பயமாகத் திரிந்துவிடும், பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் துரு எடுக்கிற ஸ்பிரேயை எடுத்துக் கட்டைகளின் இடுக்கில் பீய்ச்சினேன். ஒன்று கத்திக்கொண்டிருந்த இடத்தில் நாலு கத்தின.

வேறு வழியில்லை. மறுநாள் மாடி ஏறினேன்.

என்ஜி கீபோர்டை வாசித்துப் பார்க்கவில்லை. ஒரே கட்டையை, மெதுவாக, அம்பது தரம் அமுக்கினான். முகம் சிவந்துகொண்டே வந்தது. ஸ்குரூக்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் நம்பர் போட்டு ஒட்டினான். கட்டைகளை எடுத்தான். கீழே நீளமான ரப்பர் பட்டைகள், பன்னிரண்டு கட்டைக்கு ஒரு பட்டை. அதைத் தூக்கினான்.

உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. காய்ந்த சந்தனம், பாறை பாறையாக. குங்குமம். எட்டுப் பத்து பொரி. ஒரு பொட்டுக்கடலை. வெல்லத்தூள் தேடி வந்து குடும்பத்தோடு தங்கி, அங்கேயே காலமான எறும்புகள்.

“இது கீபோர்டாவே? பலசரக்குக் கடையாவே?” என்றான்.

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினான். கத்திக்கொண்டேதான். “இந்தா பாரும். ஒரு கட்டைக்கு அடியில ரெண்டு கறுப்புப் பொட்டு. கார்பன். எங்க ஜன்னல் சுவிட்சுல இருக்க அதேதான். கட்டையை அமுக்குனா முதல்ல ஒண்ணு கீழ தொடும், அடுத்து இன்னொண்ணு தொடும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு மிஷின் அளக்கும். நேரம் கூடன்னா நீரு மெதுவா தொட்டீரு. கம்மின்னா ஓங்கிக் குத்துனீரு. முதல் பொட்டுல அழுக்கு ஏறிட்டா அது லேட்டா தொடும். ரெண்டும் ஒண்ணாத் தொட்ட மாதிரி ஆயிரும். நீரு பூவாத் தொட்டாலும் மிஷின் குத்துன்னுதான் நெனைக்கும்.”

“சரிப்பா, தொடைச்சி குடு.”

“தொடைக்கதா? மொதல்ல காரணம் வேணும். ஏன் கத்துது? முதல் பொட்டு தொடல. ஏன் தொடல? மேல சந்தனம். ஏன் சந்தனம்?”

“ஆயுத பூசைக்கு வெச்சது. எல்லாரும் மிஷினுக்கு வெக்கறதுதான? மாவிலைல தண்ணி தெளிச்சி, பொட்டு வெச்சி, பொரி கடலை படைச்சி...”

“ஏன் கட்டைக்குக் கட்டை வெச்சீரு? லாரிக்காரன் முன்னால ஒரு பொட்டுதான வைக்கான்? நட்டு நட்டாவா வைக்கான்?”

“ஒரு பக்திதான்.”

“அது பதில் இல்ல அண்ணாச்சி. அறுபத்தொரு கட்டை. அறுபத்தொரு பொட்டு. வருஷா வருஷம். ஏன்?”

அறை சின்ன அறை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் பூசை முடிந்ததும் கல்யாண சீசன். ஒவ்வொரு சீசனுக்கும் யாராவது புதுப் பையன் புதுப் பொட்டியோடு மாஸ்டரிடம் வந்து நிற்பான். என் பொட்டி நின்றால் என் கதை முடிந்தது. எந்தக் கட்டை முதலில் போகும் என்று தெரியாது. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விட்டால், விட்டது கோபித்துக்கொள்ளும் என்று...

“பயம்பா,” என்றேன்.

என்ஜி சிவப்பு அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் ‘அசல் காரணம்: பயம்’ என்று எழுதி, கீபோர்டின் காதில் கட்டினான். “சந்தனத்துக்கு மருந்து இருக்கு. அதுக்கு இல்ல,” என்று சொல்லி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அன்றைக்கு திங்கட்கிழமை. கம்பெனியில் சுவிட்ச் துடைக்கிற ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, நூல் உதிராத துணி, விரலுக்கு மட்டும் போடுகிற உறை. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி எல்லை வகுத்துவிட்டான். உள்ளே வைத்த தட்டுகளில் ரப்பர் பட்டைகள். விரல் படக்கூடாதாம், எண்ணெய் ஏறுமாம். வெயிலில் காய வைக்கக்கூடாதாம், ரப்பர் சுருங்குமாம். தேய்க்கவே கூடாதாம், ஒற்ற வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை “ஆச்சா?” என்று கேட்டேன். “குழந்தையை வயித்துக்குள்ள எட்டிப் பாத்து ஆச்சான்னு கேப்பீரா?” என்றான்.

புதன்கிழமை என்னால் தாங்கவில்லை, ஸ்டோர்ஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். அவன் பகல் ஷிப்ட்டில் இருந்தான். மாற்றுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது! உள்ளே போனேன். மஞ்சள் டேப்பைத் தாண்டினேன். ஒரு பட்டையில் ஒரு கட்டைக்கான ரெண்டு பொட்டும் மற்றதைவிடக் கறுப்பாக இருந்த மாதிரி பட்டது. ஆஹா, இதை விட்டுவிட்டான் பார், பெரிய இவன்! என் மகளின் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். கறுப்பு அப்படியே பஞ்சில் ஏறியது. என்ன சந்தோஷம்! இன்னும் தேய்த்தேன். வெளேரென்று ஆகும்வரை தேய்த்தேன். என் கீபோர்டு, என் கை, நானே சுத்தம் செய்தேன் என்று ஒரு பெருமிதத்தோடு இறங்கி வந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. கறுப்புதான் கார்பன். கார்பன்தான் பொட்டு. நான் அழித்தது அழுக்கை அல்ல.

“இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி கீறீங்க?” என்றாள் மனைவி. “மாஸ்டர் மேல கோவம்,” என்றேன். மாஸ்டர் மேல், பென்டிரைவ் மேல், நகப்பூச்சைக் கண்டுபிடித்தவன் மேல், எல்லார் மேலும் கோபமாக இருந்தேன். ஒரே ஒரு ஆள் மேல் மட்டும் பட வேண்டிய கோபத்தை ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தேன். மாடி ஏறி உண்மையைச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என்ஜி எல்லாவற்றையும் பூட்டிச் சோதனைக்கு உட்கார்ந்தான். கட்டைக்கு அம்பது அமுக்கு. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். அறுபது கட்டையும் வெண்ணெய். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கினால் ஓங்கி. ஒரே ஒரு கட்டை, நட்டநடுவில், அந்தத் தாலாட்டு வந்து வந்து உட்காருகிற அதே கட்டை, ஊமை.

“திங்கக்கிழமை இது கத்துச்சு. இன்னைக்கு செத்துக் கெடக்கு. ஏன்?” என்றான்.

நான் ஜன்னல் வழியாக எதையோ ரொம்ப ஆர்வமாகப் பார்த்தேன்.

அன்றைக்கு அவனுக்கு ராத்திரி ஷிப்ட். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. கீபோர்டில் புது அட்டை கட்டினான்: ‘என்ஜி. எடுக்காதீர். காலையில் சரி செய்யப்படும்.’ போகிற போக்கில், “தொட்டீருன்னா தெரியும்,” என்றான்.

காலை ஏழரை. பஸ் வரவில்லை. எட்டு. வரவில்லை. மாஸ்டர் போன் மேல் போன். “ஸ்பீக்கரெல்லாம் கட்டியாச்சி. நீ வரியா, பென்டிரைவை சொருகவா?” நான் கீபோர்டை அட்டையோடு மினி லாரியில் ஏற்றிவிட்டேன், மனைவியும் கூட ஏறிக்கொண்டாள். அந்த ஒரு கட்டையைத் தாண்டித் தாண்டி வாசித்துவிடலாம் என்று ஒரு கணக்கு. ஒற்றைப் பல் போனவன் சிரிக்கிறதில்லையா?

மேடையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். தாலாட்டு மொத்தமும் அந்தப் பல்லில்தான் இருந்தது. வரிக்கு வரி ஒரு குழி. மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, நான் பார்க்கும்படி சவுண்ட் மிக்சரில் செருகினார். எதிரே நாற்காலியில் அந்தத் தாய்மாமன். கட்டைவிரலில் கட்டு. “இது அந்த கத்துற பொட்டிதான?” என்று பத்தரைக் கேட்கிறார். பத்தர் ஊசியைப் பத்திரமாகக் கீழே வைத்தார். எனக்குப் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் கேட்கத் தோன்றியது.

அப்போது வாசல் பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். கம்பெனி பூட்ஸ். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டூல்ஸ் பை. விடிய விடிய நின்று வேலை பார்த்த கண், ரத்தமாகச் சிவந்திருந்தது. ஜனங்களை விலக்கிக்கொண்டு நேரே மேடை ஏறினான் என்ஜி. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தான்.

“எல்லாம் நிப்பாட்டுங்க!”

அவன் கம்பெனியில் அப்படிச் செய்தால் ஒரு பிரிவே நிற்குமாம். இங்கே நாதஸ்வரம் நின்றது, பந்தியில் பரிமாறுகிறவர் நின்றார். மாஸ்டர் ஓடி வந்து, “யாருய்யா நீ?” என்றார்.

“குவாலிட்டி,” என்றான்.

கீபோர்டைத் திருப்பிப் போட்டு ஸ்குரூக்களைக் கழற்ற ஆரம்பித்தான். பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அவன் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது, ஏனென்றால் என் மைக் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தக் கார்பனை எவம்வே தொடைச்சது?”

நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி பார்த்தாள். குழந்தைகூடப் பார்த்தது.

“நான்தாம்பா,” என்றேன். அதுவும் மைக்கில்.

“ஏன்?”

“பயம்பா.”

அடுத்த ‘ஏன்’ வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தணிந்த குரலில் கேட்கிறான்: “அந்தக் கோடியில கெடக்க கீச்சுக் கட்டைங்களை என்னைக்காவது தொட்டிருக்கீரா?”

“இல்லப்பா. அதுங்களுக்கு வேலையே இல்ல.”

“இன்னைக்கு இருக்கு.” வலது கோடிப் பட்டையை உருவினான். இருபது வருஷமாக விரல் படாத பட்டை, பொட்டெல்லாம் புத்தம் புதுசு. அதை நடுவுக்குக் கொண்டுவந்தான். நான் கெடுத்ததைக் கோடிக்கு அனுப்பினான். அவன் கை அவசரப்படவே இல்லை. மாஸ்டர் கத்துகிறார், மாமன் கத்துகிறார், நல்ல நேரம் போகிறது என்று ஒரு பெரியவர் கத்துகிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவை நிமிர்ந்தான். “ஊசி புள்ளை காதுல ஏறணுமா, மாமன் கையில ஏறணுமா?” மாமன் உடனே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்குரூவெல்லாம் முடுக்கி, அந்தக் கட்டையை அம்பது தரம் அமுக்கினான். மண்டபமே சேர்ந்து எண்ணியது. பிறகு சிவப்பு அட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான்.

வாசித்தேன். அந்தக் கட்டை வந்தது. தொட்டேன். தூங்குகிற குழந்தையின் மூச்சு எவ்வளவு சத்தமோ அவ்வளவுதான் கேட்டது. பத்தர் குனிந்தார். குழந்தை வீறிட்டது, காதுக்காக. மாஸ்டர் மிக்சரிலிருந்து பென்டிரைவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு வருமென்று நான் காத்திருக்கிறேன், இன்றைக்கு வரைக்கும்.

பந்தியில் என்ஜி, பாயசத்தில் முந்திரி ஒரு பக்கமாகவே சேர்ந்திருப்பதாகச் சமையல்காரரோடு சண்டை போட்டான். சாப்பிட்டு முடித்து மினி லாரியில் ஏறும்போது, “இனி அந்த ரூம் சாவி உம்மகிட்ட இருக்கக் கூடாது,” என்றான். “நீரு மனுசனே இல்லவே,” என்றான். வண்டி படப்பை கூட்ரோடு தாண்டுவதற்குள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீபோர்டுப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, பூட்ஸோடு தூங்கிவிட்டிருந்தான். வெயில் முகத்திலேயே அடித்தது. என் தோள் துண்டை எடுத்து மேலே போட்டேன்.

“மெதுவா போப்பா, குழில ஏத்தாத,” என்றேன் டிரைவரிடம்.

“கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகாது சார், நல்லா கட்டிக்கீறேன்,” என்றான் அவன்.

நான் கீபோர்டைச் சொல்லவில்லை.